ஹஃபீத்தா, ஜைஸா? ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் எந்த மலை

போன வாரம் சித்தி மகன் போன் பண்ணினான். துபாய்க்கு வந்து மூன்று வருடம் ஆகிறது அவனுக்கு. "அண்ணே, டிசம்பர்ல அம்மாவும் அப்பாவும் வர்றாங்க. எனக்கு ரெண்டு நாள்தான் லீவு கிடைக்கும். பில்டிங்கா பார்த்து என்ன பண்றது, ஒரு மலைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். ஹஃபீத்தா ஜைஸா? எது பெஸ்ட்?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பது அவன் முதல் ஆள் இல்லை. ஷார்ஜாவில் பதினான்கு வருடம் ஓட்டியாயிற்று. இரண்டு மலைக்கும் பல தடவை போயிருக்கிறேன், இரண்டுக்கும் என் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். முதலில் கூட்டிப் போனது ஜைஸுக்கு. ஏன் என்றால் அதுதான் உயரம். அங்கேதான் தப்புப் பண்ணினேன். உச்சியில் நிற்கப்போவது ஒரு மணி நேரம். மிச்சப் பொழுதெல்லாம் மலையடிவாரத்திலும் வழியிலும்தான் போகும். அங்கே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெபல் ஜைஸ் ராஸ் அல் கைமாவில், ஹஜர் மலைத்தொடரில் இருக்கிறது. உச்சி 1,934 மீட்டர், அதுவும் ஓமன் எல்லையை ஒட்டி. அமீரகத்தில் இதைவிட உயரமான மலை கிடையாது. ஜெபல் ஹஃபீத் அல் ஐன் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. 1,240 மீட்டர் சொச்சம். ஹஜர் தொடரோடு ஒட்டாமல் தட்டையான பாலைவனத்தில் தனியாக எழுந்து, வடக்கு தெற்காக ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. துபாயிலிருந்து அல் ஐனுக்கு ஒன்றரை மணி நேரம். ஜைஸ் உச்சிக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும், குளிர்கால வார விடுமுறை என்றால் இன்னும் கூடும்.

ஜைஸுக்குப் போன கதையைச் சொல்கிறேன். ஜனவரி மாதம். அப்பா செங்கல்பட்டுப் பக்கம், மலை என்றால் அவருக்கு ஏற்காடுதான் மனசில். "ஏற்காடு அளவுக்கு இருக்குமா?" என்று கேட்டார். உயரத்தில் அதேதான் என்றேன். பொய்யும் இல்லை. ஜைஸில் ஒரு உணவகத்துக்குப் பெயரே 1484, அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து அத்தனை மீட்டர் உயரத்தில் இருப்பதால். ஏற்காடும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஆனால் ஒரு மரம் இருக்க வேண்டுமே. அடிவாரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து ஏறுகிறோம், இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, மடிப்பு மடிப்பாக, யானைத் தோல் நிறத்தில். எனக்கு அது பிரமாதமான காட்சி. அம்மா அரை மணி நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதை இன்னும் கட்டி முடிக்கலையா?" என்றார். கல்குவாரி என்று நினைத்துக்கொண்டார் போல.

மேலே இறங்கியதும் குளிர். கீழே இருப்பதைவிடப் பத்து டிகிரி வரை குறைவாக இருக்கும். 2009-லும் 2017-லும் பனியே விழுந்த இடம் அது. 2017 பிப்ரவரியில் மைனஸ் 2.2 வரை போனது. துபாய்க்கு எதற்கு ஸ்வெட்டர் என்று அம்மா ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நானும் அதை யோசிக்கவில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காரைவிட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அப்பா ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "பார்த்தாச்சு, கிளம்பலாமா?" என்றார். போக வர நாலரை மணி நேரம் காரில், அங்கே இருந்தது நாற்பது நிமிடம்.

இதற்காக ஜைஸ் மோசம் என்று சொல்ல மாட்டேன். அது வேறு வயசுக்கான மலை. 2018 பிப்ரவரியில் திறந்த ஜிப்லைன் இருக்கிறது. 2.83 கிலோமீட்டர் நீளம், உலகத்திலேயே நீளமானது என்று கின்னஸில் பதிவானது. ஆளைக் குப்புறப் படுக்கவைத்துக் கம்பியில் மாட்டி, பள்ளத்தாக்குக்கு மேலே ஏவிவிடுகிறார்கள். என் மச்சான் போய்விட்டு வந்து அரை மணி நேரம் பேசவில்லை. அந்த அளவுக்குத் தைரியம் இல்லாதவர்களுக்கு, தண்டவாளத்தில் ஓடும் சறுக்கு வண்டி இருக்கிறது, 1,840 மீட்டர் ஓட்டம், பிரேக் நம் கையில். குழந்தைகளுக்குப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம், எடை, உயரம், வயது என்று கட்டுப்பாடும் உண்டு. அறுபது கடந்தவர்களோடு போனால் இவை எல்லாம் வேடிக்கை பார்க்கத்தான்.

சரி, ஜைஸின் அடிவாரத்தில் என்ன இருக்கிறது? நியாயமாகச் சொன்னால் இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. ராம்ஸ் ஊர்ப்பக்கம் தாயா கோட்டை, ஒரு குன்றின் தலையில். 1819-ல் பிரிட்டிஷ் படை முற்றுகையிட்ட இடம். அந்தப் போருக்கு அடுத்த வருடம்தான் வளைகுடா ஷேக்குகள் பிரிட்டிஷாரோடு கடல் ஒப்பந்தம் போட்டார்கள். மேலே ஏற இருநூற்றுச் சொச்சம் படி, முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது. துபாயிலிருந்து வரும் வழியில் அல் ஜசீரா அல் ஹம்ரா என்று பழைய முத்துக்குளிப்பு ஊர். பவளக்கல்லில் கட்டிய வீடுகள், ஆளில்லாமல் நிற்கின்றன. தெற்கே காத் என்ற இடத்தில் வெந்நீர் ஊற்று. மூன்றும் மூன்று திசை. மலையோடு சேர்த்து ஒரே நாளில் பார்க்க நினைத்தால் அன்றைக்கு முழுக்க ஸ்டியரிங்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஹஃபீத்தில் இதற்கு நேர் எதிர். மலை சுமார்தான், அதைச் சுற்றி இருப்பதுதான் அமோகம்.

மேலே போகும் சாலை 11.7 கிலோமீட்டர், அறுபது வளைவு, 1980-ல் போட்டது. ஏறுவதற்கு இரண்டு லேன், இறங்க ஒன்று. அரை மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம். மிதிவண்டிப் பந்தயக்காரர்களுக்கு இது புனிதத் தலம் மாதிரி. யுஏஇ டூர் பந்தயத்தில் ஹஃபீத் ஏற்றத்தில்தான் முக்கியமான ஒரு கட்டம் முடியும். நாம் ஏசியில் உட்கார்ந்து ஏறும்போது பக்கத்தில் ஒருவர் பெடலை மிதித்துக்கொண்டு வருவார், பார்க்கவே கூச்சமாக இருக்கும். உச்சியில் பெரிய வாகன நிறுத்தம், ஒரு டீக்கடை, சுற்றுச்சுவர். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஹோட்டலும் உண்டு. வடக்கே அல் ஐன் நகரம், கிழக்கே ஓமன் சமவெளி, மேற்கே மணல். சாயங்காலம் போனால், இறங்கும்போது சாலை விளக்குகள் எரிந்து மலை முதுகில் மஞ்சள் நூல் ஓடுகிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான் மலை.

இல்லை, ஒன்றை விட்டுவிட்டேன். சுவரோரம் நின்றிருந்த அப்பா திடீரென்று கையைக் காட்டினார். கீழே பள்ளத்தில், எங்களுக்கும் கீழே, ஒரு வெள்ளைப் பறவை வட்டமிட்டுக்கொண்டிருந்தது. இறக்கையின் ஓரம் கறுப்பு, முகம் மஞ்சள். "டேய், இது நம்ம திருக்கழுக்குன்றத்துக் கழுகுடா!" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. மஞ்சள்முகப் பாறு என்கிற அதே இனம்தான் ஹஃபீத் பாறைகளில் கூடு கட்டுகிறது. சின்ன வயதில் அப்பா உச்சிவேளைக்கு வேதகிரி மலை ஏறி, குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்னும் இரண்டு கழுகைப் பார்த்தவர். தொண்ணூறுகளில் அவை அங்கே வருவது நின்றுபோனது. பிறகு எத்தனை ஊர் பார்த்தும் இந்தப் பயணத்தில் அப்பா ஊரில் போய் எல்லோருக்கும் சொன்னது அந்தக் கழுகைப் பற்றித்தான். இது அதிர்ஷ்டம், திட்டத்தில் சேர்க்க முடியாது.

திட்டத்தில் சேர்க்க வேண்டியது அடிவாரத்தில் இருக்கிறது. அதற்குக் கிரீன் முபஸ்ஸரா என்று பெயர். மலையின் காலடியில் புல்வெளிப் பூங்கா, நடுவே வெந்நீர் ஊற்று. அந்தத் தண்ணீரை வாய்க்கால் கட்டி ஓடவிட்டிருக்கிறார்கள், கரையில் உட்கார்ந்து காலை நனைக்கலாம். முழுசாகக் குளிக்க ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் குளியலறைக் கட்டடம். முதலில் காலை வைத்தால் சுரீர் என்று இருக்கும், உடனே எடுத்துவிடுவோம். இரண்டாவது தடவை கணுக்கால் வரை. ஐந்து நிமிடத்தில் அம்மா முட்டிவரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்தில் கால் நனைத்துக்கொண்டிருந்த பாகிஸ்தான்காரப் பாட்டியோடு சைகையில் மூட்டுவலி பேசிக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று கிளப்ப. குடும்பங்கள் பாய் விரித்து, பிரியாணிச் சட்டியைத் திறந்து, நாள் முழுக்க இருக்கும் இடம் அது. குழந்தைகளுக்கு ஓட இடம், கழிப்பறை பக்கத்திலேயே. வெள்ளி சாயங்காலம் மட்டும் தவிர்த்துவிடுங்கள், புல்லே தெரியாது.

அடிவாரத்தின் வடமேற்கில் அல் ஐன் மிருகக்காட்சிசாலை, 1968-ல் தொடங்கியது. பேரன் பேத்தி கூட வந்தால் அரை நாள் அங்கேயே போய்விடும். இல்லையென்றால் விடலாம், பெரிய இடம், நடை ஜாஸ்தி. ஒட்டகச் சந்தை பத்து நிமிடம் போதும். வாடை பழகிவிட்டால் பதினைந்து. மலையின் கிழக்குப் பக்கம் ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய கல்லறைகள் இருக்கின்றன, கல்லை அடுக்கித் தேன்கூடு மாதிரி. 1959-ல் டென்மார்க் தொல்லியல் குழு தோண்டியபோது மெசபடோமியாவோடு தொடர்பு இருந்ததைக் காட்டும் பானைகள் கிடைத்தன. வரலாற்றில் அந்தக் காலகட்டத்துக்கே ஹஃபீத் காலம் என்றுதான் பெயர். 2011-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் அல் ஐனைச் சேர்த்தபோது இவற்றையும் சேர்த்தார்கள். ஆர்வம் இருப்பவர்களுக்குச் சொர்க்கம். என் அம்மாவுக்குக் கல் குவியல். அதற்காக மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பேரீச்சந்தோப்பை மட்டும் யாரும் விடக் கூடாது. நகரத்தின் நடுவே 1,200 ஹெக்டேர், 1,47,000 மரம் என்கிறார்கள். உள்ளே போகக் காசு கிடையாது. வாசலைத் தாண்டியதும் சத்தமும் வெயிலும் சட்டென்று குறையும். இரண்டு பக்கமும் மண்சுவர், நடுவில் நடைபாதை, சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் சலசலக்கும். இந்த வாய்க்கால் ஏற்பாட்டுக்கு ஃபலஜ் என்று பெயர். மலைப்பக்கம் நிலத்தடியில் ஊறும் தண்ணீரை, சுரங்கம் மாதிரி வெட்டிய கால்வாயில், வெறும் சரிவை மட்டும் நம்பிக் கிலோமீட்டர் கணக்கில் தோப்புவரை கொண்டுவருகிறார்கள். தூர்வார ஆள் இறங்குவதற்கு இடையிடையே குழி. அல் ஐனுக்குப் பக்கத்தில் ஹிலியில் மூவாயிரம் வருடப் பழைய ஃபலஜ் ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இப்போது பல இடத்தில் பம்ப் போட்டுத்தான் தண்ணீர் விடுகிறார்கள், ஆனாலும் பங்கீட்டு முறை பழையதுதான்: தண்ணீரை அளந்து கொடுப்பதில்லை, நேரத்தைத்தான் கொடுப்பது. இன்னாருக்கு இத்தனை நேரம் என்று முறைவைத்து மடையைத் திறந்து அடைக்க ஒரு பொறுப்பாளி உண்டு, அரீஃப் என்பார்கள்.

நான் இதைச் சொல்லிக்கொண்டே வந்தபோது அப்பா ஒரு மடையருகே நின்றுவிட்டார். பலகையைச் சொருகி, மேலே கிழிந்த சாக்கைத் திணித்து அடைத்திருந்தார்கள். குனிந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தார். "நம்ம ஊர்ல மடை திறக்கிற நீர்க்கட்டி செய்யற வேலைதான். சாக்குகூட அதேதான்" என்றார். ஏரிப்பாசன ஊர்க்காரருக்கு அந்தத் தோப்பில் கைடு தேவைப்படவில்லை. மடைக்கு மடை நின்று நின்று வந்ததில் எனக்குத்தான் கால் வலித்தது.

தோப்பிலிருந்து நடக்கும் தூரத்தில் அல் ஜாஹிலி கோட்டை, 1890-களில் கட்டியது, அதுவும் இலவசம். உள்ளே வில்ஃப்ரெட் தெசிகரின் புகைப்படங்கள். 1940-களில் ஒட்டகத்தில் ருபுல் காலி பாலைவனத்தைக் கடந்த ஆங்கிலேயர், இங்கத்திய பாலைவன நாடோடிகளான பதூக்கள் அவரை முபாரக் பின் லண்டன் என்று கூப்பிட்டார்கள். பின்னாளில் நாட்டின் அதிபரான ஷேக் ஸாயித் அப்போது அல் ஐன் பகுதியின் ஆளுநர், 1946-லிருந்து. தெசிகர் அவரிடம் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறார். அடைபட்டுக் கிடந்த ஃபலஜ்களைத் தூர்வாரியதும் அதே ஸாயித் காலத்தில்தான்.

அப்புறம், வயதானவர்களோடு போகும்போது யாரும் சத்தமாகக் கேட்காத கேள்விகள். சாப்பாடு, கழிப்பறை, ஆஸ்பத்திரி. அல் ஐனில் பழைய கடைவீதிப் பக்கம் இட்லி தோசை கிடைக்கும் சைவ ஹோட்டல்கள் உண்டு, மலையிலிருந்து அரை மணி நேரத்துக்குள். ஜைஸில் மேலே கிடைப்பது பர்கர், காபி வகை. தோசைக்கு ராஸ் அல் கைமா நக்கீல் பகுதிக்கு வர வேண்டும். புளிசாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். ஆஸ்பத்திரி விஷயத்தில் அல் ஐனுக்கு ஒரு பெருமையே இருக்கிறது. 1960-ல் கென்னடி என்ற அமெரிக்க மருத்துவத் தம்பதி அங்கே தொடங்கிய ஒயாசிஸ் மருத்துவமனை, இப்போது கனத் என்ற பெயரில் நடக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஜைஸ் உச்சியில் நிற்கும்போது கீழே நகரத்துக்கு இறங்க ஒரு மணி நேரம் ஆகுமே என்று எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஹஃபீத்தில் அந்த நினைப்பு வரவில்லை, நகரமே காலுக்குக் கீழே தெரிகிறது.

வண்டி ஓட்டுவதில் ஒரு எச்சரிக்கை. ஹஃபீத் சாலை குறுகிய தூரத்தில் செங்குத்தாக ஏறுகிறது. இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் லைனிங் கருகும். முதல் தடவை வாடகைக் காரில் போய், பாதி இறக்கத்தில் ரப்பர் கருகுகிற வாடை வந்து, ஓரம்கட்டி இருபது நிமிடம் நின்றேன். கியரைக் குறைத்து, மேனுவலில் இரண்டில் போட்டு இறங்குங்கள். ஜைஸ் சாலை நீளம், ஆனால் ஏற்றம் சாவகாசமானது. அங்கே பிரச்சினை பெட்ரோல். மலையில் பங்க் கிடையாது, கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் பாறை சரியும், பாதையையோ மேலே உள்ள இடங்களையோ மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு மலையும் ஓமன் எல்லையோரம். போன் தானாக ஓமன் நெட்வொர்க்குக்குத் தாவி, ரோமிங்கில் காசு பிடிக்கும். கையால் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து வைத்துவிடுங்கள். அல் ஐனில் இன்னொன்று: ஊருக்குப் பக்கத்திலேயே புரைமி, அது ஓமன். மேப் சில நேரம் எல்லைச் சாவடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். விசிட் விசாவில் வந்திருக்கும் பெரியவர்களை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாது.

கார் இல்லையா? அப்படியானால் யோசிக்கவே வேண்டாம். துபாய் அல் குபைபாவிலிருந்து அல் ஐனுக்கு ஈ201 பேருந்து போகிறது, அங்கே டாக்ஸி பிடித்துக்கொள்ளலாம். ஜைஸுக்குக் கார் இல்லாமல் பெரியவர்களைக் கூட்டிப் போவது வம்பு.

சித்தி மகனிடம் இத்தனையும் சொன்னேன். அவனுக்கு மனசு ஆறவில்லை. "ஜைஸ்தானே அண்ணே ஹைட்டு?" ஹைட்டுதான். ஆனால் சித்தப்பாவுக்குப் போன வருடம்தான் முட்டியில் ஆபரேஷன் ஆனது, சித்தி குளிர்ந்தால் தும்ம ஆரம்பித்துவிடுவார். காலையில் தோப்பு, கோட்டை, மதியம் சாப்பாடு, மூன்று மணிக்கு முபஸ்ஸரா, ஐந்து மணிக்கு மலை ஏறி, சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு வீடு. ஒரே நாளில் முடிந்துவிடும். இரண்டாவது நாள் அபுதாபி கோயில் என்றேன். 2024-ல் திறந்த கோயில், எப்படியும் சித்தி கேட்பார். அது துபாய் அபுதாபி சாலைப் பக்கம், அல் ஐன் போகும் வழியில் இல்லை, அதனால் ஒரே நாளில் சேர்க்கப் பார்க்காதே என்றும் சொன்னேன்.

"அப்ப ஜைஸ்?"

ஜனவரி கடைசியில் நாம் நாலு பேர் மட்டும் போகலாம் என்றேன். ஜிப்லைனுக்கு முன்பதிவு அவன் பொறுப்பு, புளிசாதம் என் பொறுப்பு. நான் கம்பியில் தொங்கப்போவதில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.